பதினாலு செங்கல்

ஒரே ஒரு தக்காளியை வைத்து நாலு பேருக்கு மூன்று வேளை குழம்பு வைத்துவிட்டு, மிச்சத் தக்காளியை மறுநாள் ரசத்துக்கு எடுத்து வைக்கிற பெண்மணி வலங்கைமானில் ஒருத்தி இருந்தாள் என்றால் அது சைத்தூன் பீவிதான். அவள் வீட்டுச் சோப்பு தேய்ந்து தீர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. இலை மாதிரி மெலிந்ததும் அடுத்த சோப்பின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு மறுபடியும் வாழத் தொடங்கிவிடும். தேங்காய் வாங்கினால் முதல் நாள் பால், இரண்டாம் நாள் சக்கைத் துவையல், மூன்றாம் நாள் கொட்டாங்குச்சி அடுப்புக்கு, நாலாம் நாள் சாம்பல் பாத்திரம் தேய்க்க. ஐந்தாம் நாள் அந்தத் தேங்காயைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை பேசுவாள். அதற்குமேல் தேங்காயிடம் எடுக்க ஒன்றும் இருக்காது.

அவள் புருஷன் மீரா உசேன் சவுதியில் தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டினார். ஒரு புலிப்படம் போட்ட கம்பளி, இரண்டு அத்தர் பாட்டில், ஒரு முழங்கால் வலி, இவற்றோடு ஊர் திரும்பினார். சம்பாதித்த மற்றதெல்லாம் மகள் ஹஃப்ஸாவின் கல்யாணத்தோடு சென்னைக்குப் போய்விட்டது. இப்போது அரை நாள் ஒரு பெயிண்ட் கடையில் உட்கார்கிறார். சைத்தூன் பீவி புடவைக்கு ஓரம் அடித்துக் கொடுக்கிறாள்.

அவர்கள் குடியிருந்தது ஆறு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கிற வரிசையில் மூன்றாம் நம்பர். நாலாம் நம்பரில் ரெத்தினம், தங்கம்மாள். ரெத்தினம் நெல் மூட்டை தூக்கித் தூக்கி முதுகு சொன்னபடி கேட்காமல் போனதும் அந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு ஏக்கர் வருகிற மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறவர். தங்கம்மாள் நடவுக் காலத்தில் நடவு, மற்றக் காலத்தில் நூறு நாள் வேலை. ஒரே மகன் சேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பொங்கலுக்கு வருவான், பனியன் கொண்டுவருவான்.

இரண்டு வீட்டு வருமானத்தையும் சேர்த்தால் ஒரு வீட்டுக்குப் பற்றாது. பிரித்தால் அரை வீட்டுக்குக்கூடப் பற்றாது. ஆனாலும் நாலு பேரும் அறுவடை முடிந்த எலிகளைப் போலப் பளபளவென்று இருந்தார்கள். காரணம் சுவரில் இருந்தது.

கொரோனா வருஷத்தில் ரெத்தினத்துக்குக் காய்ச்சல் கண்டு, நாலாம் நம்பர் வாசலைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே அரை மூட்டை அரிசி இருந்தது, கேஸ் இல்லை. மூன்றாம் நம்பரில் கேஸ் இருந்தது, அரிசி இல்லை. தெரு வழியாகப் பாத்திரம் கொடுத்து வாங்கினால் தடியோடு நிற்கிறவர்கள் சத்தம் போட்டார்கள். மூன்றாம் நாள் காலை, சைத்தூன் பீவி தன் வீட்டுச் சுவரை ஒரு பார்வை பார்த்தாள். அரைச்செங்கல் சுவர். மீரா உசேனிடம் கடப்பாரையைக் கொடுத்தாள். மதியத்துக்குள் பதினாலு செங்கல் பத்திரமாகப் பெயர்ந்து வந்தன. அந்தப் பக்கமிருந்து அரிசி வந்தது, இந்தப் பக்கமிருந்து சோறு போனது. ரசம் போனது, கஷாயம் போனது, தங்கம்மாளின் அழுகை வந்தது, அதற்குப் பதில் சைத்தூன் பீவியின் திட்டு போனது. வைரஸ் மட்டும் அந்த வழியாக வரவில்லை. நாலு பேரும் அவ்வளவு நெருக்கமாகப் போட்டு வைத்த போக்குவரத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. பதினாலு செங்கலையும் சைத்தூன் பீவி கழுவித் துடைத்துக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்தாள்.

அன்றுமுதல் வேளைக்கு ஓர் உலைதான். பகல் சமையல் சைத்தூன் பீவி, மாலைச் சமையல் தங்கம்மாள். மூன்றாம் நம்பரில் மிக்சி, நாலாம் நம்பரில் ஃபிரிட்ஜ். ரெத்தினத்தின் வயலிலிருந்து அரிசி. மீரா உசேன் மீன் கடைக்குப் பன்னிரண்டு மணிக்குப் போவார். அப்போது மீன்காரியே மீனைப் பார்க்கச் சகிக்காமல் இருப்பாள், சொன்ன விலைக்குத் தள்ளிவிடுவாள். ஆண்கள் இருவருக்கும் படிக்கிற கண்ணாடி ஒன்றுதான். ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர் அதில் இருப்பதையெல்லாம் மறுப்பார்.

ஓட்டையை மறைக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு காலண்டர் தொங்கியது. அதில்தான் வந்தது வினை.

சைத்தூன் பீவிக்கு அமாவாசை, கிருத்திகை என்றைக்கென்று தெரிந்தாக வேண்டும். அன்றைக்குப் பகலில் மீன் வைத்துவிட்டால் தங்கம்மாள் பட்டினி கிடப்பாள். தங்கம்மாளுக்கு அந்தி நேர மஃரிப் தொழுகை எத்தனை மணிக்கென்று தெரிந்தாக வேண்டும். நோன்பு மாதத்தில் அந்த நிமிஷத்துக்குக் கஞ்சி தயாராக இருக்க வேண்டும். ஆகையால் உரக்கடையில் கொடுத்த முருகன் படம் போட்ட தினசரிக் காலண்டர் சைத்தூன் பீவி வீட்டில் தொங்கியது. ஜமாஅத்தில் கொடுத்த மக்கா படக் காலண்டர் தங்கம்மாள் வீட்டில் தொங்கியது. நாலு வருஷம் இப்படியே தொங்கி, அதில் ஏதும் விசேஷம் இருப்பதே அந்த நாலு பேருக்கும் மறந்தே போய்விட்டது.

வீட்டுக்காரர் லியாகத் அலி மாதாமாதம் வாசலில் நின்று வாடகையை வாங்கிக்கொண்டு போகிறவர். ஆறு வீட்டுக்குச் சொந்தக்காரர். ஆனால் சிக்கனத்தில் சைத்தூன் பீவிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். முத்திரைத்தாளுக்குச் செலவாகுமே என்று எந்த வீட்டுக்கும் ஒப்பந்தமே எழுதாதவர். அந்தத் தை மாதம், என்ன தோன்றியதோ, தரையை அளக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு டேப்பும் கையுமாக உள்ளே வந்துவிட்டார். பகல் பன்னிரண்டரை மணி.

தரையை அளக்கக் குனிந்தவர் நிமிரும்போது முருகனைப் பார்த்தார்.

"என்ன ராத்தா இது?"

"காலண்டரு தம்பி."

"அது தெரியிது. யாரு படம் போட்டுருக்கு?"

"படத்த ஏன் பாக்குறீங்க, தேதியப் பாருங்க. இன்னும் மூணு நாள்ல அமாவாசை."

"உங்களுக்கு எதுக்கு அமாவாசை?"

"மீன் வைக்கக் கூடாதுல்ல."

லியாகத் அலிக்கு இந்தப் பதிலை எந்தப் பக்கமிருந்து புரிந்துகொள்வதென்று தெரியவில்லை. கிட்டே போய்க் காலண்டரைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பார்த்தார். அதே விநாடியில் அந்தப் பக்கத்துக் காலண்டரும் உயர்ந்தது. வளையல் போட்ட கை ஒன்று ஆவி பறக்கும் கிண்ணத்தோடு சுவருக்குள்ளிருந்து வெளியே வந்தது.

"இந்தாங்கக்கா, நேத்து வச்ச கொள்ளு ரசம், சுட வச்சுட்டேன். சூடு, ரெண்டு கையாலயும் புடிங்க" என்றது தங்கம்மாளின் குரல்.

லியாகத் அலி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடிக்காமல் என்ன செய்வார், சட்டை வெள்ளைச் சட்டை. டேப் கீழே விழுந்து சுருண்டுகொண்டது. சுவருக்குள் இருந்து ஒரு கண் தெரிந்தது. கண் லியாகத் அலியைப் பார்த்தது. காலண்டர் பொத்தென்று விழுந்தது. மக்கா ஒரு முறை ஆடி நின்றது.

கிண்ணத்தைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டே அவர் கத்தினார். கத்துகிற கத்தலில் ரசம் தளும்பியது. தளும்பியதால் நிதானமாகக் கத்த வேண்டியிருந்தது. அப்படி நிதானமாகக் கத்தினதால்தான் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுந்தது.

"என் சுவத்த ஒடச்சிருக்கீங்க. ஒண்ணாந்தேதிக்குள்ள ஓட்டய அடச்சுப் பூசணும். ஒவ்வொரு வீட்டுக்கும் வாடக மூவாயிரம் இல்ல இனிமே, அஞ்சாயிரத்து ஐநூறு. முடியாதுன்னா ரெண்டு பேருமே காலி பண்ணுங்க. காலேஜ் பசங்க, பேங்க் ஆளுங்கன்னு வரிசையில நிக்கிறாங்க."

கிண்ணத்தைக் கடைசியில் சைத்தூன் பீவி வாங்கிக்கொண்டாள். போகிற போக்கில் அவர் விரலை நக்கியதை அவள் கவனிக்காமல் இல்லை.

அன்று சாயங்காலம் ஓட்டையின் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு ஸ்டூல் போட்டு மாநாடு நடந்தது.

"ஹஃப்ஸா கூப்புட்டுக்கிட்டுத்தான் இருக்கு. பேசாம சென்னைக்குப் போயிடலாம்" என்றார் மீரா உசேன்.

"போலாம். மருமவன் வீட்டு ஃபிரிட்ஜத் தொறக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவயும் தொண்டயக் கனைக்கணும். உங்களுக்கு அது பழக்கமா?" என்றாள் சைத்தூன் பீவி.

அந்தப் பக்கம் ரெத்தினம், "சேரனும் வரச் சொல்றான் பாய். ரூமுல எட்டுப் பேரு இருக்காங்களாம். ஒம்பதாவதா நான் படுத்துக்கலாமாம். இவ எங்க படுப்பான்னு அவனுக்கு இன்னும் யோசன வரல" என்றார்.

தங்கம்மாள் மக்கா காலண்டரைக் கழற்றிச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுருட்டல்தான் சைத்தூன் பீவியை உறுத்தியது. கணக்கு நாலு பேருக்கும் தெரிந்த கணக்கு. வேறு தெருவில் வேறு வேறு வீடு பிடித்தால் வேளைக்கு இரண்டு உலை, இரண்டு சிலிண்டர், இரண்டு மிக்சி, இரண்டு கண்ணாடி. ஒரே வாரம். எட்டாம் நாள் இரண்டு வீடும் கடன் கேட்டு ஆளுக்கொரு திசையில் புறப்பட வேண்டும். இந்த ஓட்டை போனால் குடித்தனம் போச்சு.

சைத்தூன் பீவி மூக்கின் மேல் விரலை வைத்துச் சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவருக்கு அவள் பார்வை என்றால் எப்போதும் கொஞ்சம் பயம்தான்.

"தங்கம், உன் பீரோ என்ன அகலம்?"

"ரெண்டரை அடி இருக்கும்கா. ஏன்?"

"உன் வீட்டக் காலி பண்ணு. எல்லாரும் இங்க வந்துடுங்க. அஞ்சாயிரத்து ஐநூற ரெண்டாப் பிரிச்சா குடும்பத்துக்கு ரெண்டாயிரத்து எழுநூத்தம்பது. இப்ப குடுக்குறதவிடக் கொறச்சல். வாடகய ஏத்துனவருக்கு மொத்தத்துல ஐநூறு நட்டம்."

மீரா உசேன் தன் மனைவியை, தம்மாமில் முதன்முதலாக மணல் புயல் வருவதைப் பார்த்த அதே மரியாதையோடு பார்த்தார்.

"ஊரு என்னக்கா பேசும்?" என்றாள் தங்கம்மாள்.

"பேசட்டும். பேசுறதுக்கு நம்மகிட்ட வாடகயா கேக்கப் போறாங்க?"

ஒன்றாம் தேதி லியாகத் அலி வந்தபோது சைத்தூன் பீவி ஐந்தாயிரத்து ஐநூறையும் நாலாம் நம்பர் சாவியையும் ஒரே தட்டில் வைத்து நீட்டினாள். உள்ளே எட்டிப் பார்த்தார். கூடத்தில் இரண்டு பீரோ, இரண்டு டிரங்குப் பெட்டி, ஃபிரிட்ஜ், அதற்கு மேலே ஒரு பக்கம் முருகன், ஒரு பக்கம் மக்கா. ஆண்கள் இருவரும் நடுவில் பேப்பரோடு.

"ஒரு வீட்டுல ரெண்டு குடும்பம் இருக்கக் கூடாது ராத்தா."

"எங்க எழுதியிருக்கு தம்பி? ஒப்பந்தத்தக் கொண்டாங்க, பாப்போம்."

ஒப்பந்தம் எழுதாமல் மிச்சம் பிடித்த முத்திரைத்தாள்கள் எல்லாம் அந்த நிமிஷம் லியாகத் அலியின் முகத்தைச் சுற்றிப் பறந்தன.

"ஓட்டய ஏன் அடைக்கல?"

"செங்கல் பதினாலும் இருக்கு. ஒண்ணுகூட மொன ஒடயல, எண்ணிக்கிங்க. சிமெண்ட்டும் கொத்தனாரும் நீங்க பாத்துக்கிங்க. அதுக்குத்தான ஏத்துன வாடக."

கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி, கூட ஒரு சித்தாள், மணல், சிமெண்ட். லியாகத் அலியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. "வர்ற குடித்தனக்காரங்க பாத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். சைத்தூன் பீவிக்கு அவர்மேல் ஒரு விநாடி பாசமே வந்துவிட்டது. அவள் அந்த இடத்தில் இருந்திருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

முதல் பத்து நாள் திருவிழாவாகப் போனது. பெண்கள் உள்ளறையில், ஆண்கள் கூடத்தில். மீரா உசேனின் குறட்டை ஆலங்குடி வரைக்கும் கேட்டது, அங்கே குருபகவானைச் சுற்ற வந்தவர்கள் நின்று கவனித்துவிட்டுப் போனார்கள். ரெத்தினம் விடியுமுன் எழுந்து நாலு பேருக்கும் டீ போட்டார். மூன்று பேருக்கு எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. காலைக்கடனுக்கு வரிசை நின்றது. டோக்கன் கொடுக்கலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. இதெல்லாம் சைத்தூன் பீவிக்கு ஒரு பொருட்டே இல்லை. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, உலகத்துக்கே வாடகை கொடுக்கிறவள் மாதிரி தெருவில் நடந்தாள்.

பதினோராம் நாள் தங்கம்மாள் அடுக்களை வாசலில் நின்று, "அக்கா, ஒரு கல் உப்பு எடுத்துக்கட்டுமா?" என்றாள்.

சைத்தூன் பீவிக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை என்றுதான் தோன்றியது. ஓட்டை இருந்த நாலு வருஷத்தில் தங்கம்மாள் எதையும் கேட்டதில்லை. கையை நீட்டி எடுப்பாள், பிடிக்கவில்லை என்றால் திருப்பி எறிவாள். "இது புளியா, இத வச்சு செருப்புத் தைக்கலாம்" என்பாள். மறுநாள் "டிவியப் போடலாமாக்கா?" என்று கேட்டாள். அதற்கு மறுநாள், மீனில் நடுத்துண்டை மீரா உசேனுக்கு வைத்துவிட்டு வால்துண்டைத் தனக்கு எடுத்துக்கொண்டாள்.

"ஏண்டி, நடுத்துண்டுன்னா உனக்குச் சண்டையில்ல வரும்?"

"இருக்கட்டும்கா. உங்க வீடு."

அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டபிறகு சைத்தூன் பீவிக்குச் சோறு இறங்கவில்லை. வாடகை குறைந்தது, கேஸ் குறைந்தது, ஃபிரிட்ஜ் அருகில் வந்தது, எல்லாம் சரி. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் தனக்கென்று ஒரு கதவு இருந்ததால்தான் தங்கம்மாள் இந்தப் பக்கம் கையை நீட்டினாள். அந்தக் கதவைப் பிடுங்கிவிட்டால் அவள் விருந்தாளி. விருந்தாளி எத்தனை நாள் வால்துண்டு தின்பாள்? அந்த வெள்ளிக்கிழமை தங்கம்மாள் போனில் சேரனிடம், எட்டுப் பேரில் யாராவது ரூமைக் காலி பண்ணுகிறார்களா என்று விசாரித்தது சைத்தூன் பீவி காதில் விழுந்தது.

நாலாம் நம்பர் தங்கம்மாளுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். பழைய வாடகைக்கு. ஓட்டையோடு. அதற்குள் வேறு யாரும் குடிவந்துவிடக் கூடாது.

முதலில் வந்தது ஒரு பேங்க் அதிகாரி, மனைவியோடு. லியாகத் அலி வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, "சின்னதா ஒரு ஓட்ட. நீங்களே அடச்சுக்கலாம்" என்றார்.

ஓட்டையில் சைத்தூன் பீவியின் முகம் தெரிந்தது. அதற்குக் கீழே தங்கம்மாளின் முகம். விருந்தாளியாக இருந்தவளுக்கும் அன்று முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

"வாங்க, வாங்க. இதயா அடைக்கப் போறீங்க? நீங்க அடுப்பே வாங்க வேணாம். காலைல நான், சாயங்காலம் இவ. நீங்க அரிசி மட்டும் குடுத்தாப் போதும். அம்மாவுக்கு என்ன வேல, வீட்டுலதான? அப்ப மத்தியானம் பாத்திரம் அவங்க."

"மீனு பன்னெண்டு மணிக்குத்தான் வரும், மொகம் சுளிக்கக் கூடாது" என்றாள் தங்கம்மாள். "சாருக்குக் கண்ணாடி உண்டா? உண்டா. நல்லதாப் போச்சு, இங்க ஒண்ண வச்சுக்கிட்டு ரெண்டு பேரு கஷ்டப்படுறாங்க."

சத்தியமாக அவர்கள் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. வந்திருந்தால் சேர்த்துக்கொண்டிருப்பார்கள், அதிகாரியின் கண்ணாடியையும் சேர்த்து. ஆனால் அதிகாரி தன் கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வெளியேறினார். அம்மா கார் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

பங்குனியில் வந்தவர்தான் ஆபத்தானவர். இளையபெருமாள், உர வியாபாரி. குடியிருக்க இல்லை, யூரியா மூட்டை அடுக்க. வந்தார், பார்த்தார், ஆறாயிரம் என்றார், பர்ஸை எடுத்தே விட்டார். மூட்டைக்கு மீன் வாடையும் தெரியாது, பாத்திரம் தேய்க்கச் சொன்னால் கோபமும் வராது. ஓட்டையின் இந்தப் பக்கத்தில் நின்ற சைத்தூன் பீவி அந்தப் பர்ஸில் எத்தனை நோட்டு என்று எண்ணிப் பார்த்தாள். பக்கத்தில் தங்கம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மணி பன்னிரண்டு. உலை கொதிக்கிற நேரம். சைத்தூன் பீவி எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. தினமும் திறக்கிற நேரத்தில் மூடியைத் திறந்தாள். நாலு பேர் சோற்றின் ஆவி ஒரு யானையைப் போல எழுந்து, அடுக்களையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேறு வழி தெரியாமல் பழகின வழியாக நாலாம் நம்பருக்குள் போனது.

இளையபெருமாள் ஓட்டைக்கு அருகே சுவரைத் தடவிப் பார்த்தார். கை ஈரமாக வந்தது.

"இது எப்பவும் இப்புடித்தானா?" என்று ஓட்டையைப் பார்த்துக் கேட்டார்.

"பகல்ல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. நோன்பு வந்தா கஞ்சி வேற, அண்டாவுல" என்றாள் சைத்தூன் பீவி. ஒரு வார்த்தை பொய் இல்லை.

"ஓட்டய அடச்சுடலாங்க" என்றார் லியாகத் அலி.

"யாரு அடைக்கிறது?"

"நீங்கதான்."

இளையபெருமாள் பர்ஸைப் பையில் திரும்ப வைத்தார். "அடச்சாலும் புதுப் பூச்சு ரெண்டு மாசம் வேர்க்கும் பாய். யூரியா ஈரம் பட்டா மூட்ட மூட்டயாக் கல்லாயிடும். நான் கல்லு யாவாரம் பண்ணல." போய்விட்டார்.

சித்திரை பிறந்தது. நாலாம் நம்பரில் பல்லிகள் குடிவந்தன, அவையும் வாடகை தரவில்லை. ஒரு மத்தியானம் லியாகத் அலி தனியாக வந்தார். டேப் இல்லை. வெயிலில் நடந்து முகம் சிவந்திருந்தது. சைத்தூன் பீவி ஸ்டூலை இழுத்துப் போட்டு, மோர் கொடுத்தாள். அவர் குடிப்பதை நாலு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"சரி ராத்தா. நானும் பாத்துட்டேன். ஓட்ட இருந்துட்டுப் போவட்டும். நாலாம் நம்பருக்கு நாலாயிரம் குடுங்க. எனக்கும் குடும்பம் இருக்குல்ல."

சைத்தூன் பீவிக்கு வாயெல்லாம் பதில். மூன்று மாதமாகச் சேர்த்து வைத்த பதில்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டி வைத்த பதில்கள். வாயைத் திறந்தவள், தங்கம்மாளைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். அறுபது வருஷத்தில் அவள் செய்த ஒரே ஊதாரித்தனம் அதுதான், அத்தனை பதிலையும் வீணாக்கியது.

"அது தங்கத்தோட வீடு தம்பி. அவகிட்டப் பேசுங்க" என்றாள்.

தங்கம்மாள் திடுக்கிட்டாள். புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அது அவர் முறைகூட இல்லை. அவள் மெதுவாக முன்னால் வந்து, சுவரில் சாய்ந்து நின்றாள்.

"மூவாயிரம்" என்றாள். குரல் கொஞ்சம் கம்மியது.

"அது பழைய கதம்மா. மூவாயிரத்து எண்ணூறு."

"நாங்க நாலு வருஷம் பூசுன சுண்ணாம்புக்கு நீங்க காசு குடுத்தீங்களா பாய்? ஒழுகுன கூரைக்கு ஓடு மாத்துனது யாரு? மூவாயிரம்."

"மூவாயிரத்து ஐநூறு. இதுக்குக் கீழ எறங்க மாட்டேன்."

சைத்தூன் பீவி மனசுக்குள் பிரித்துப் பார்த்தாள், கூட்டிப் பார்த்தாள். தன் வீட்டு ஐந்தாயிரத்து ஐநூறோடு சேர்த்தால் ஒன்பதாயிரம், இழுத்துப் பிடித்தால் தாங்கும். மீரா உசேன் பக்கம் திரும்பினாள், அவரும் தலையை அசைத்தார். இந்த மனுஷன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. தங்கம்மாளின் இடுப்பில் ரகசியமாக ஒரு கிள்ளு கிள்ளி, "சரின்னு சொல்லுடி" என்று முணுமுணுத்தாள்.

தங்கம்மாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். லேசாகத் தட்டவில்லை, சத்தம் கேட்கிற மாதிரி தட்டிவிட்டாள்.

"நீங்க சும்மா இருங்கக்கா. இது என் வீட்டு யாவாரம்."

சைத்தூன் பீவிக்குக் கண்ணில் குபுக்கென்று தண்ணீர் வந்தது. உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பு வெளியே கேட்டுவிடப் போகிறதே என்று. அந்த அடி இன்னும் கொஞ்சம் பலமாக விழுந்திருக்கலாம் என்றுகூட அவளுக்கு ஆசையாக இருந்தது.

தங்கம்மாளின் குரலில் இப்போது கம்மல் இல்லை. நடவு வயலில் வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களைக் கூப்பிடுகிற குரல்.

"மூவாயிரம் பாய். மூணாம் நம்பருக்கும் அதே மூவாயிரம். இவங்களுக்கு ஏத்துனத எறக்குங்க. ஓட்டயச் சுத்தி மரச்சட்டம் போட்டுத் தாங்க, தட்டு எடுக்கக்குள்ள கையெல்லாம் செராய்க்கிது. நாலாம் நம்பர் பாத்ரூம் கதவு அடியில இத்துப் போச்சு, அதயும் பாத்துடுங்க. முடியாதுன்னா சொல்லுங்க, நாங்க இப்புடியே இருந்துக்குறோம். எங்களுக்கென்ன, சௌகரியமாத்தான் இருக்கு."

அப்போது, காலைமுதல் தன் முறை தள்ளிப்போன ரெத்தினம் கண்ணாடியை வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. நாலாம் நம்பர் பல்லி ஒன்று ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

லியாகத் அலி மோர் டம்ளரின் அடியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் கையை விட்டு நாலாம் நம்பர் சாவியை எடுத்தார். நீட்டினார்.

தங்கம்மாள் வாங்கவில்லை.

"கதவ மாத்திட்டுக் குடுங்க" என்றாள். "நாங்க காத்திருக்கோம்."